காய்ச்சலை மறைத்து ஏறியிருக்க வேண்டுமா?

காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதே என்றது அரசாங்கம். அனுப்பாமல் வைத்துக்கொண்டாய், அதனால் உனக்குப் பணம் கிடையாது என்றது இன்ஷூரன்ஸ் கம்பெனி. இரண்டு பேர் பேச்சையும் தட்டாமல் கேட்ட குடும்பம் எங்களுடையது. பிரீமியம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள், இருந்தோம். நஷ்டம் மட்டும் எங்கள் தலையில் விழுந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன, இன்னுமா அதையே பேசிக்கொண்டிருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான் பேசுகிறேன். போன வாரம் என் மகன் புனே ஹிஞ்சவடி ஆபீஸிலிருந்து போன் பண்ணி, "அம்மா, டிக்கெட் புக் பண்றேன், இன்ஷூரன்ஸ் சேர்க்கவா வேண்டாமா? எங்க பார்த்தாலும் ஃப்ளூவா இருக்கு" என்று கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த பிள்ளை அவன்தான்.

2009-ஆம் வருஷம் புனேயில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி 14 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் முதல் பலி அதுதான், அது எங்கள் ஊரில். அந்தச் செய்தி வந்த மறுநாளிலிருந்து ஊரின் முகமே மாறிவிட்டது. பள்ளிக்கூடம், கல்லூரி, தியேட்டர், மால் எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி இல்லை. மெடிக்கல் ஷாப்பில் மாஸ்க் கிடைக்காமல் கைக்குட்டையையும் துப்பட்டாவையும் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனார்கள். நாயுடு ஹாஸ்பிட்டல் வாசலில் வரிசை. கைக்குழந்தைகளோடு தாய்மார்கள், கல்லூரிப் பிள்ளைகள், இருமிக்கொண்டே நிற்கும் தாத்தாக்கள். அந்த வரிசையில் நானும் நின்றேன், பன்னிரண்டு வயது மகனின் நெற்றியை நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

எங்களுக்கு செப்டம்பர் முதல் வாரம் பயணம். கிள்ளானில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நான் அத்தை. என் அம்மா எங்களோடு கட்கியில்தான் இருந்தார்கள், அவர்களுக்கு அவள் முதல் பேத்தி. பேத்திக்கென்று லக்ஷ்மி ரோட்டில் கடைகடையாய் ஏறி இறங்கிப் பைத்தானிப் புடவை ஒன்று எடுத்து வைத்திருந்தார்கள். மயில் முந்தானை, அரக்குச் சிவப்பு. மும்பையிலிருந்து கோலாலம்பூருக்குக் குடும்பத்துக்கே டிக்கெட். என் வீட்டுக்காரர் தொழிற்சாலை வேலையில் இருந்தார், போனஸையும் சேமிப்பையும் சேர்த்துப் போட்ட பணம் அது. சலுகை விலை டிக்கெட், ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது என்று தெரியும். அதற்காகத்தான் இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று ஏஜென்டிடம் உட்கார்ந்து பேசினோம்.

அந்தப் பேச்சு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. ஜூலை மாதம். "இந்தக் காய்ச்சல் பரவிக்கிட்டிருக்கே, யாருக்காவது வந்துட்டா என்ன பண்றது?" என்று நான்தான் கேட்டேன். "அதுக்குத்தானே மேடம் இன்ஷூரன்ஸ், உடம்பு சரியில்லாம டிரிப் கேன்சல் ஆனா கவர் ஆகும்" என்றார். காய்ச்சலின் பெயரைச் சொல்லித்தான் நான் கேட்டேன். காய்ச்சலின் பெயரைச் சொல்லித்தான் அவர் விற்றார். பாலிசி என்று கையில் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, தொகை. நிபந்தனைகள் அடங்கிய புத்தகம் எங்கள் கைக்கு வரவே இல்லை. அதன் பக்கங்களை நான் முதன்முதலில் பார்த்தது, நிராகரிப்புக் கடிதத்தோடு அவர்கள் இணைத்து அனுப்பிய நகலில்.

கணபதி வைத்த வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நல்ல அனல். தொண்டை வீங்கி எச்சில் விழுங்க முடியவில்லை. அரசு மருத்துவர் பார்த்தார். தூங்கிப் பல நாள் ஆன கண்கள் அவருக்கு. "முலாலா கரீச் டேவா, தாயி" என்றார். பையனை வீட்டிலேயே வையுங்கள் அம்மா. டாமிஃப்ளூ கொடுத்தார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தனி அறையில் வைக்கச் சொன்னார். பயணம் இருக்கிறது என்று சொன்னதும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார், தயவுசெய்து விமானத்தில் ஏற்றாதீர்கள் என்று.

பரிசோதனை? எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதை நான் அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வருஷம் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. லேசான காய்ச்சல், இருமல் என்றால் ஏ. கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தால் பி. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் சி. சி பிரிவுக்குத்தான் பரிசோதனையும் படுக்கையும். ஏ-யும் பி-யும் பரிசோதனை இல்லாமல் வீட்டில் தனிமையில் இருக்க வேண்டும். தேசிய வைராலஜி நிறுவனம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, 1952-லிருந்து. ஆனாலும் வருகிற ஒவ்வொரு தொண்டைச் சளியையும் அங்கே அனுப்பினால் உயிருக்குப் போராடுகிறவனின் முடிவு தாமதமாகும், படுக்கையும் அவனுக்குத்தான் வேண்டும். நியாயமான விதி. அதை வகுத்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டோம். பிள்ளை ஒரு அறையில், அம்மா இன்னொரு அறையில், மற்றவர்கள் மாஸ்க் கட்டிக்கொண்டு நடுவில். ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்திருக்கலாம் என்பதால் ஒருவரும் கிளம்பவில்லை.

கல்யாணத்தைப் போனில் கேட்டோம். அண்ணன் மேடைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா பேசவில்லை. பைத்தானி பிறகு கூரியரில் போனது.

இனி அந்த நிராகரிப்புக் கடிதம். இரண்டு காரணங்கள் எழுதியிருந்தார்கள். முதல் காரணம், பயணிக்கு இந்தக் காய்ச்சல்தான் என்பதற்கு ஆய்வகச் சான்று இல்லை, அவர் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருக்கவும் இல்லை. இரண்டாம் காரணம், உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த நோயால் ஏற்படும் இழப்புக்கு இந்தப் பாலிசி பொறுப்பாகாது.

நிதானமாகப் படித்துப் பாருங்கள். சான்று இல்லாததால் பணம் இல்லை. சான்று இருந்திருந்தால், அது பெருந்தொற்று என்று நிரூபணமாகியிருக்கும், அப்போதும் பணம் இல்லை. சான்று கொண்டுவா என்று கேட்கிறவனுக்கே தெரியும், கொண்டுவந்தாலும் கொடுக்கப் போவதில்லை என்று. இப்படி ஒரு கடிதத்தை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, நல்ல காகிதத்தில் அச்சடித்து, தபால் தலை ஒட்டி அனுப்ப ஒரு மனுஷனுக்குக் கை எப்படி வந்தது?

தேதியைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது 2009 ஜூன் 11. எங்களிடம் பிரீமியம் வாங்கியது ஜூலை. விலக்கு அமலுக்கு வந்துவிட்டது என்று கம்பெனிக்குத் தெரியும். இந்தக் காய்ச்சலுக்காக எடுக்கிற பாலிசியில் இந்தக் காய்ச்சலுக்கு ஒரு பைசா கிடைக்காது என்று விற்கும்போதே தெரியும். தெரிந்துகொண்டே விற்றார்கள். அறிவிப்புக்கு முன்னால் வாங்கியவன் ஏமாந்தான் என்றால் விதியின் மேல் பழியைப் போடலாம். அறிவிப்புக்குப் பின்னால் எங்களுக்கு விற்றதற்கு என்ன பெயர்?

ஏஜென்டிடம் போனேன். அவர் கடிதத்தைப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீங்க ஒரு குரோசின் குடுத்து ஏத்திருக்கணும் மேடம். எல்லாரும் அதைத்தானே பண்றாங்க."

எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. நடப்பைச் சொன்னார். கோலாலம்பூர் விமான நிலையத்தில் உடம்புச் சூட்டை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஒரு மாத்திரை போட்டால் சூடு தணிந்துவிடும், கருவி பேசாமல் இருக்கும். அப்படி ஏறிப் போனவனுக்கு டிக்கெட் காசு மிச்சம், கல்யாணச் சாப்பாடும் கிடைத்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிக்கு என்ன ஆனது என்று அவனை யாரும் கேட்கப் போவதில்லை. ஊருக்கு நல்லது செய்து வீட்டில் இருந்தவனுக்கு ஒரு லட்சத்துக்குப் பக்கம் போனது.

என் குமுறல் பணத்தோடு நிற்கவில்லை, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் எழுதுகிறேன். இப்படி எழுதிய பாலிசி ஒவ்வொன்றும் நோயாளியை விமானத்தில் ஏற்றுகிறது. வீட்டில் இருந்தால் நஷ்டம், காய்ச்சலோடு போனால் லாபம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, நோய் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கேட்டால் யார் பதில் சொல்வது? நாயுடு ஹாஸ்பிட்டலில் கண் விழித்த மருத்துவர் ஒரு பக்கம் அடைக்கிறார், நிபந்தனை எழுதும் கை மறு பக்கம் திறந்துவிடுகிறது.

2009-ஓடு தொலைந்த காய்ச்சலும் இல்லை இது. அடுத்த ஆண்டு எங்கள் ஊர் சீரம் இன்ஸ்டிடியூட்டே மூக்கில் விடும் தடுப்பு மருந்து கொண்டுவந்தது, பெருந்தொற்று முடிந்தது என்றும் 2010 ஆகஸ்டில் அறிவித்தார்கள். வைரஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2015-ல் நாட்டில் 42,592 பேருக்குக் கண்டது, 2,990 பேர் இறந்தார்கள். 2017-ல் 2,270 சாவு. இந்த வருஷங்களிலெல்லாம் பெருந்தொற்று அறிவிப்பு எதுவும் இல்லை. ஆனால் அப்போதும் வீட்டில் இருந்து குணமானவனுக்கு அதே பதில்தான்: ஹாஸ்பிட்டலில் படுத்தாயா, டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே?

பிறகு 2020. மார்ச் 9-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் என்று அறிவித்தது எங்கள் புனேக்காரர்களைத்தான், துபாய் சுற்றுலா போய் வந்த தம்பதி. மறுபடியும் நாயுடு ஹாஸ்பிட்டல். அந்த வாரம் எங்கள் குடியிருப்பில் வெளிநாட்டு டிக்கெட் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராய் என்னிடம் பாலிசியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் நேரே விலக்குகள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பயத்தால் ரத்து செய்தால் இல்லை. அரசு தடை போட்டால் இல்லை. பெருந்தொற்று என்றால் இல்லை. மார்ச் 22-ல் வெளிநாட்டு விமானங்களே நின்றுவிட்டன. விமானக் கம்பெனிகள் பணத்தைத் திருப்பித் தராமல், பிறகு பறந்துகொள் என்று கணக்கில் எழுதி வைத்தன. அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபர் 1-ல்தான் திருப்பிக் கொடுக்க வழி பிறந்தது. அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஊரடங்கு நாட்களின் பயணத்துக்கு அந்த நாட்களிலேயே புக் செய்தவர்களுக்கு உடனே பணம், மற்றவர்களில் பலருக்கு அதே வரவுக் கணக்கும் காத்திருப்பும். கொஞ்சம் கொஞ்சமாகச் சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வெளிநாட்டில் கொரோனா சிகிச்சைச் செலவைச் சேர்த்துக்கொண்டன. ஆக, சேர்க்க முடியும். மனசு இருந்தால் முடியும். 2009-ல் முடியாது என்று எங்களிடம் சொன்னது பொய்.

சிகிச்சைச் செலவு என்றதும் இன்னொன்று நெஞ்சை அறுக்கிறது. எங்களுக்குக் கடிதம் வந்த அதே 2009-ல், மே மாதம், வெளிநாட்டு மருத்துவப் பாலிசி எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனார் ஒருவர். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் இதயக் கோளாறு, நேரே ஆஸ்பத்திரி, ஆஞ்சியோபிளாஸ்டி. கிளெய்மை நிராகரித்தார்கள். ஏற்கெனவே சர்க்கரை, கொழுப்பு இருந்தது என்று காரணம். சர்க்கரை இருப்பதை அவர் முன்பே சொல்லித்தான் பாலிசி வாங்கியிருந்தார். தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் தோல்வி. உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன தேதி 2021 டிசம்பர் 6. பன்னிரண்டு வருஷம். எதிர்பாராமல் வெளிநாட்டில் வரும் நோய்க்காகத்தானே இந்தப் பாலிசியே எடுப்பது என்று நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சந்தையில் வெங்காயம் விற்கிறவளுக்குக்கூட விளங்குகிற விஷயம்.

மறு வருஷம், 2022 நவம்பர் 9-ல், இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது: விலக்கு நிபந்தனையை வாங்குகிறவருக்குச் சரியாகத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டு, பிறகு அதைக் காட்டிக் கிளெய்மைத் தள்ள முடியாது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நிபந்தனைப் புத்தகமே தராமல் எங்களைத் தள்ளிவிட்ட கடிதம். இந்தத் தீர்ப்பு அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது. அம்மா அப்போது உயிரோடு இல்லை.

இப்போது விற்பது ஏஜென்ட் இல்லை, திரை. முன்பெல்லாம் டிக்கெட் எடுக்கப் போனால் கேட்காமலே இன்ஷூரன்ஸில் டிக் விழுந்திருக்கும். அப்படி வைக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் உத்தரவு போட்டது. வேண்டாம் என்று எடுத்தால், நான் பாதுகாப்பில்லாமலே போகிறேன் என்று நம்மையே சொல்ல வைக்கும் பட்டன் வரும். இதுவும் தவறான உத்தி என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் எழுதியிருக்கிறது, விமான டிக்கெட் இன்ஷூரன்ஸையே உதாரணமாகக் காட்டி. இரண்டு ஆணையங்கள் எழுதிய பின்னும் என் மகன் முந்தாநாள் அனுப்பிய படத்தில் அதே மிரட்டல் வேறு வார்த்தைகளில் இருக்கிறது. காய்ச்சல் காலத்தில், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் தகப்பனிடம், பாதுகாப்பில்லாமல் போகிறாயா என்று கேட்டால் அவர்கள் விரல் எங்கே போகும்?

மகனிடம் நான் சொன்னது இதுதான். வெளிநாடு போகிறாய், மருத்துவச் செலவுக்கான பாலிசியை எடு. அந்த ஊர் ஆஸ்பத்திரிப் பில் நம்மால் தாங்காது, ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்கே 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். ஆனால் டிக்கெட் பக்கத்தில் தொங்கும் அந்தக் குட்டி இன்ஷூரன்ஸ், ரத்தானால் பணம் வரும் என்று ஆசை காட்டுவது, அதை நம்பி ஒரு ரூபாயும் போடாதே. அந்த ரூபாயைத் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டில் போடு. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் கம்பெனிக்கு மெயில் அனுப்பிக் கேள்: ஃப்ளூ வந்து டாக்டர் வீட்டில் இருக்கச் சொன்னால், ஹாஸ்பிட்டலில் படுக்காமலே, பணம் தருவாயா? இப்போது பரவிக்கொண்டிருக்கும் நோயை ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று தள்ளுவாயா? பதிலை எழுத்தில் வாங்கு. போனில் சொல்வதை நம்பாதே, போனில் அத்தனையும் கவர் ஆகும். தள்ளினால் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடு, ஒரு மாதம் பார், அப்புறம் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போ. புனேயிலேயே இப்போது அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிராகரிப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். எங்களுக்கு இதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கடிதத்திலும் அந்த வரி இல்லை.

இவ்வளவையும் ஒரு சாதாரண குடும்பம் ஏன் செய்ய வேண்டும்? டிக்கெட் எடுக்கிறவன் ஏன் வக்கீலாக மாற வேண்டும்? ஒழுங்குமுறை ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்கிறேன். அரசு மருத்துவர் வீட்டுத் தனிமை என்று எழுதிக் கொடுத்த சீட்டை, ஆஸ்பத்திரியில் படுத்ததற்குச் சமமாக எடுத்துக்கொள் என்று ஒரு வரி உத்தரவு போட உங்களுக்கு என்ன தடை? 2020 மார்ச் 4-ல் கொரோனா கிளெய்ம்களை விரைவாகப் பாருங்கள் என்று மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினீர்களே, அந்தப் பேனா பயண ரத்துக் கிளெய்ம்களின் பக்கம் ஏன் திரும்பவில்லை? ஒரு நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்த மறுநாளிலிருந்து, இந்த நோய்க்கு இந்தப் பாலிசி பணம் தராது என்று பெரிய எழுத்தில், வாங்குகிறவரின் மொழியில், பணம் கட்டுவதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் வாங்கிய ஒவ்வொரு பிரீமியத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுடையதையும் சேர்த்து. பாலிசி எண் என்னிடம் இருக்கிறது.